நீண்ட நாள் நின்ற காரின் சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறதா? ஸ்டார்ட் செய்வதற்கு முன்பிருந்து படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்த காரை வெளியே எடுக்கிறோம். பேட்டரியைச் சரிசெய்து செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. அந்த மகிழ்ச்சியோடு பின்பக்கம் போய்ப் பார்த்தால் சைலன்சர் வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. சில கார்களில் வெறும் சொட்டுதான். சிலவற்றில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் கரி கலந்த கறுப்புத் தண்ணீர் தெறித்து, தரை முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும்.

எட்டு மாதம் நின்றிருந்த என் காரில் முதன்முதலாக இதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. வந்து பார்த்த மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினை இறக்கிப் பார்க்கணும்" என்றார். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே கசிவில்லாமல் அடைக்கும் தகடு. அது போனால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். நான் இறக்கவில்லை. கூலன்ட் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். சொட்டுவது நின்றது, கூலன்ட் ஒரு துளியும் குறையவில்லை. அந்த இன்ஜினை இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை. அதே பயத்தில் நிற்கும் ஒருவர் தேவையில்லாமல் ஹெட்டை இறக்கிவிடக் கூடாது. உண்மையிலேயே கோளாறு இருக்கும் காரை "தண்ணீர்தானே" என்று ஓட்டிக் கெடுத்துவிடவும் கூடாது. இரண்டுக்காகவும்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

பலரும் நினைப்பது இது: கார் நின்ற காலத்தில் ஈரக்காற்று சைலன்சருக்குள் புகுந்து தண்ணீராகத் தேங்கியிருக்கும், இப்போது அது வெளியே வருகிறது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மிகச் சிறிய பங்கு. 30 டிகிரி வெப்பத்தில், தாங்கும் அளவுக்கு முழுக்க ஈரம் ஏறிய காற்று ஒரு கன மீட்டருக்குள் சுமார் 30 கிராம் தண்ணீர்தான் இருக்கும். சைலன்சர் டப்பாவின் கொள்ளளவை 20 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடைபட்ட காற்றில் இருக்கும் மொத்த ஈரமும் ஒரு கிராமுக்குக் குறைவு. இரவில் குளிர்ந்து பனித்துளியாக ஒட்டும், பகலில் சூடேறி மறுபடியும் ஆவியாகும். மாதங்கள் போகப் போகக் கொஞ்சம் மிஞ்சலாம், உள்ளே துருப்பிடிக்க அது போதும். ஆனால் தரையில் குட்டை கட்டும் அளவுக்குத் தண்ணீர் அங்கிருந்து வராது.

அந்தக் குட்டை இன்றைக்கு, இந்த நிமிடத்தில், உங்கள் இன்ஜின் தயாரித்தது. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். அது எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகிறது. ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அதுதான் வேதியியல். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் காற்றிலிருந்து வந்து சேர்வதால் எடை கூடுகிறது, அவ்வளவுதான்.

நன்றாகச் சூடான காரில் இந்தத் தண்ணீர் ஆவியாகவே வெளியேறிவிடுகிறது, நம் கண்ணில் படுவதில்லை. குழாயின் சுவர் சுமார் 50 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி அதில் பட்டுத் தண்ணீராக மாறும். குளிர்ந்த பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, இங்கே குழாயின் உள்பக்கம் வியர்க்கிறது. இன்ஜினிலிருந்து வெகு தூரத்தில், காரின் கடைசியில் தொங்கும் பெரிய சைலன்சர் டப்பாதான் கடைசியாகச் சூடேறும் பாகம். அதனால்தான் தண்ணீர் அங்கே சேர்கிறது.

ஐடிலில் நிற்கும் பெட்ரோல் கார் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிபொருள் குடிக்கும். அப்படியென்றால் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடினால் நூறு மில்லிக்கு மேல்கூடத் தண்ணீர் உண்டாகிறது. அதில் பாதி குழாயில் தங்கினாலே போதும், நீங்கள் பார்த்த காட்சி வந்துவிடும். தினமும் ஓடும் காரிலும் காலையில் இதேதான் நடக்கிறது. அப்போது நாம் உடனே கிளம்பிப் போய்விடுகிறோம், பின்னால் நின்று பார்ப்பதில்லை. நாள்பட்ட காரை மட்டும்தான் ஸ்டார்ட் செய்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறோம்.

சரி, அப்படியென்றால் பயப்படவே வேண்டாமா? பெரும்பாலும் வேண்டாம். ஆனால் அதை உறுதி செய்துகொள்ள ஒரு வரிசை இருக்கிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அது தொடங்குகிறது.

படி 1: சாவியைத் திருப்புவதற்கு முன்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் எல்லாச் சந்தேகங்களுக்கும் விடை இங்கே குறித்து வைக்கும் அளவுகளில்தான் இருக்கிறது.

முதலில் கூலன்ட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டப்பாவில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். டப்பாவின் மேல் ஒரு கோடு போட்டு வையுங்கள், அல்லது போனில் படம் எடுத்து வையுங்கள். ரேடியேட்டருக்குத் தனி மூடி இருந்தால் அதையும் திறந்து விளிம்பு வரை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே இதைச் செய்யலாம். சூடான மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

காரை நிறுத்தியபோது நிரம்பியிருந்த கூலன்ட் இப்போது வெகுவாகக் குறைந்திருந்து, கீழே தரையில் கறை எதுவும் இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அது கேஸ்கெட் வழியாக சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கியிருக்கலாம். தண்ணீரை அழுத்த முடியாது. தண்ணீர் நிறைந்த சிலிண்டரில் பிஸ்டன் மேலேறினால் அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டும். வெள்ளம் சூழ்ந்து, சைலன்சர் மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய காருக்கும் இதே எச்சரிக்கைதான். அந்தக் காரை மெக்கானிக் பார்க்காமல் ஒருபோதும் செல்ஃப் அடிக்காதீர்கள்.

அடுத்தது ஆயில். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் கலந்த காபி போல வெளுத்துப் போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் கலங்க வேண்டாம், குறுகிய தூரப் பயணம் மட்டுமே போகும் கார்களில் அது சாதாரணமாகப் படியும் ஈரம். டிப்ஸ்டிக்கிலும் வெளுப்பு தெரிந்தால்தான் கவலை.

அப்புறம் சைலன்சர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிகள் கூடு கட்டவும் தானியம் சேர்த்து வைக்கவும் தேர்ந்தெடுக்கும் இடம் அது. குளவிக்கூடும் இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். என் அனுபவத்தில் எலிக்கு அதுதான் இன்னும் பிடித்த வீடு. வயர்களைக் கடித்திருக்கிறதா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக பெட்ரோல். மூன்று மாதம் வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போனால் அதில் எளிதாக ஆவியாகும் பகுதி போய்விடும், எரிவது மந்தமாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மேல் உறிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் உட்கார்ந்துவிடும், பம்ப் முதலில் அதைத்தான் இழுக்கும். டேங்கில் கொஞ்சமே மிச்சம் இருந்தால் புதுப் பெட்ரோலை நிறைய ஊற்றிக் கலந்துவிடலாம். டேங்க் நிறையப் பழசு இருந்து, மூடியைத் திறந்ததும் வார்னிஷ் போல நெடி அடித்தால், அதை முழுவதுமாக இறக்கிவிடுவதே நல்லது.

படி 2: முதல் ஸ்டார்ட்

காரைத் திறந்தவெளிக்குக் கொண்டு வாருங்கள். தள்ளித்தான் கொண்டுவர வேண்டும் என்றாலும் தள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடாகும் வரை அதைச் சுத்தம் செய்ய யாரும் இல்லை. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஷெட்டின் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பது பாதுகாப்பாகாது. தண்ணீர் சொட்டுவதைக் குனிந்து பார்க்கப்போகிறவர் புகை வாயிலுக்கு நேராக நிற்கப்போகிறார் என்பதையும் மறக்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

செல்ஃப் ஒரே தடவையில் ஐந்து, பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். இடையே அரை நிமிடம் விட்டு மறுபடி அடிக்கலாம். இன்ஜின் பிடித்ததும் ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

பிடித்தவுடன் ரேஸ் கொடுக்காதீர்கள். தண்ணீரை ஊதித் தள்ளுகிறேன் என்று ஆக்ஸிலரேட்டரை உறுமவிடுவதை நிறையப் பார்க்கிறேன். மாதக்கணக்கில் வறண்டு கிடந்த பேரிங்குகளில் ஆயில் இன்னும் முழுதாகப் போய்ச் சேராத நேரம் அது. சைலன்சரில் இருக்கும் தண்ணீர் யாரையும் ஒன்றும் செய்யாது. பேரிங் தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

படி 3: சொட்டும் தண்ணீரைச் சோதிப்பது

இங்கே கொஞ்சம் பொறுமையாக இருங்கள். வேண்டியதெல்லாம் ஒரு வெள்ளைத் துணி, ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு ஜோடி கையுறை.

சைலன்சர் வாய்க்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்து வையுங்கள். விழும் துளி தெளிவாகவோ சாம்பல் நிறமாகவோ கரி கலந்து கறுப்பாகவோ இருக்கலாம், மூன்றுமே சாதாரணம். குழாயின் சுவரில் வருடக்கணக்கில் படிந்த கரியைத் தண்ணீர் கழுவிக்கொண்டு வருகிறது. ஆரம்பத்தில் மை போலக் கறுப்பாக வந்து போகப் போகத் தெளிந்தால் அது நல்ல அறிகுறிதான். செம்மண் நிறத்தில் துருத்தூள் வந்தால் சைலன்சர் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கியிருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கையுறை போட்டுக்கொண்டு ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் போலவே இருக்க வேண்டும். வழுவழுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயிலோ கூலன்டோ கலந்திருக்கலாம். வாசனை பாருங்கள்: பெட்ரோல் நெடி, புளித்த புகை நெடி இருந்தால் பரவாயில்லை. சர்க்கரைப் பாகு தீய்ந்தது போன்ற இனிப்பு வாசனை வந்தால் கூலன்ட் எரிகிறது என்று சந்தேகப்படுங்கள். நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். நாய், பூனை, குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் தரையில் விழுந்ததைக் கழுவி விட்டுவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை கண்ணாடித் தட்டு. சொட்டும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் அளவு தட்டில் பிடித்து வெயிலிலோ காற்றோட்டமான இடத்திலோ காயவிடுங்கள். எரிந்து வந்த தண்ணீர் என்றால் முழுக்க ஆவியாகி, மெல்லிய கரித்தூள் மட்டும் மிஞ்சும். கிளைக்கால் எளிதில் ஆவியாகாது. கூலன்ட் கணிசமாகக் கலந்திருந்தால் காய்ந்த பிறகும் பிசுபிசுப்பான படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். இது ஆய்வகச் சோதனை அல்ல, சிலிண்டருக்குள் எரிந்துபோன கூலன்டை இது காட்டாது. ஆனாலும் அரை நாளில், காசு செலவில்லாமல் ஒரு தெளிவு கிடைக்கிறது.

இனி புகை. வெள்ளையாக வருவது நீராவியா, வெள்ளைப் புகையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீராவி குழாயை விட்டு வெளியே வந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள் காற்றில் கரைந்து காணாமல் போகும். கூலன்ட் எரிந்து வரும் வெள்ளைப் புகை அடர்த்தியாகத் திரண்டு, காரின் பின்னால் மேகம் போல் தங்கி நிற்கும். குளிர்காலத்திலும் ஈரமான நாளிலும் நீராவியே அடர்த்தியாகத் தெரியும், ஆகையால் முதல் ஐந்து நிமிடத்தில் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நீல நிறம் கலந்த புகை ஆயில் எரிவதால் வருவது. நெடுநாள் நின்ற காரில் ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் காய்ந்து போயிருந்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் வரும். கறுப்புப் புகை பெட்ரோல் கூடுதலாகப் போவதால் வருவது. இரண்டுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. ஏசி ஓடும்போது காரின் முன்பகுதிக்குக் கீழே சொட்டும் தண்ணீர் ஏசியின் வடிநீர். அதைப் பார்த்துவிட்டு சைலன்சர் ஒழுகுகிறது என்று வந்து நிற்பவர்களும் உண்டு. சோதனை முடியும் வரை ஏசியை நிறுத்தி வையுங்கள்.

படி 4: ஓட்டுங்கள், ஐடிலில் விடாதீர்கள்

துளி, வாசனை, புகை எல்லாம் சரியாகத் தெரிந்தால், மருந்து ஒன்றே ஒன்றுதான்: ஓட்டுவது. ஐடிலில் ஒரு மணி நேரம் விட்டாலும் பின்பக்க சைலன்சர் போதுமான அளவு சூடேறாமல் போகலாம். அந்த நேரமெல்லாம் இன்ஜின் தண்ணீரைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே "தண்ணீர் வற்றட்டும்" என்று நின்ற இடத்தில் ஓடவிடுவது தண்ணீரைச் சேர்க்கும் வழி.

முதலில் பிரேக்கைச் சரிபாருங்கள். நாள்பட நின்ற காரின் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும், ஹேண்ட் பிரேக் இட்டு நிறுத்தியிருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். டயரில் காற்று பாருங்கள். அப்புறம் மெதுவாகக் கிளம்பி, டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வரும் வரை இதமாக ஓட்டுங்கள். அதன்பின் தடையில்லாத சாலையில் இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். இன்ஜின் வேகம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. மேல் கியரில் முனகவிடாமல், ஒரு கியர் குறைத்து ஓட்டினால் சூடான வாயு நிறைய ஓடி சைலன்சரைக் காயவைக்கும்.

இந்த ஓட்டம் ஆயிலுக்கும் தேவை. குளிர்ந்த இன்ஜினில் எரிந்த வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் கீழே கசியும், அதிலுள்ள நீராவி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடாகிச் சற்று நேரம் அப்படியே இருந்தால்தான் அந்த ஈரம் வெளியேறும். டெம்பரேச்சர் முள் கூலன்டின் சூட்டைத்தான் காட்டுகிறது. ஆயில் அதைவிடத் தாமதமாகத்தான் சூடேறும்.

திரும்பி வந்ததும் மறுபடி பின்பக்கம் பாருங்கள். சொட்டுவது நின்றிருக்க வேண்டும், வெள்ளை ஆவியும் கிட்டத்தட்ட மறைந்திருக்க வேண்டும். கடும் குளிர் ஊர்களில் ஆவி மட்டும் தொடர்ந்து தெரியும், அது சரிதான். இன்ஜினை அணைத்துவிட்டு, முழுக்கக் குளிர்ந்த பிறகு, அதாவது மறுநாள் காலையில், கூலன்ட் கோட்டைப் பாருங்கள். நேற்று போட்ட கோட்டிலேயே இருந்தால் உங்கள் கார் நலமாக இருக்கிறது. முதல் வாரம் முழுக்கத் தினமும் ஒரு பார்வை பாருங்கள். கூலன்ட் முழுவதும் மாற்றப்பட்டிருந்தால் காற்றுக்குமிழி வெளியேறி அளவு லேசாக இறங்கலாம். நிரப்பிய பிறகும் இறங்கிக்கொண்டே போனால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

படி 5: நிற்கவில்லை என்றால்

நன்கு சூடாக்கி அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் தண்ணீர் வருகிறது, அல்லது கூலன்ட் குறைகிறது, அல்லது இனிப்பு வாசனையோடு அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கிறது. இப்போதுதான் ஹெட் கேஸ்கெட் பற்றிப் பேச வேண்டும். நெடுநாள் நின்ற கார்களில் இது வருவதற்குக் காரணமும் இருக்கிறது. பழைய கூலன்டில் துருத் தடுப்பு மருந்தின் சக்தி தீர்ந்துவிடும். அலுமினிய ஹெட்டும் கேஸ்கெட்டின் விளிம்பும் மெல்ல அரிக்கப்படும். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்த கார் உறைபனியில் நின்றிருந்தால், தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து பிளாக்கையே பிளந்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஹெட்டை இறக்கச் சொல்வதற்கு முன், இன்ஜினைப் பிரிக்காமலே செய்யக்கூடிய மூன்று சோதனைகளை ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்குங்கள். இதில் கூச்சப்பட வேண்டாம்.

முதலாவது, ரேடியேட்டர் வாயில் வைத்துச் செய்யும் நீல திரவச் சோதனை. கூலன்டுக்கு மேல் இருக்கும் காற்றை அந்த திரவம் வழியாக இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிந்தால் நீலம் மஞ்சளாக மாறும். எளிது, விரைவு, பெரும்பாலும் நம்பலாம். கேஸ்கெட் மிகச் சிறிதாக மட்டும் கசிந்தால் ஒரே தடவையில் பிடிபடாமல் போகலாம், எனவே இன்ஜினை நன்றாகச் சூடாக்கி இரண்டாவது முறையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கூலன்ட் பிரஷர் சோதனை. கைப்பம்பால் கூலன்ட் அமைப்புக்குள் அழுத்தம் ஏற்றுவார்கள். எவ்வளவு என்பது ரேடியேட்டர் மூடியிலேயே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. அழுத்தத்தோடு சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிறிய கேமராவை விட்டு பிஸ்டன் தலைகளைப் பார்ப்பார்கள். ஏதாவது ஒரு சிலிண்டரில் ஈரம் நின்றால் குற்றவாளி பிடிபட்டான். பிளக்குகளைக் கழற்றும்போதே கூர்ந்து பாருங்கள்: மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் நீராவி போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கம்ப்ரஷன் சரியாக இருப்பதால் மட்டும் கேஸ்கெட் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

இந்த மூன்றில் எதிலும் சிக்காமல் கூலன்ட் மட்டும் குறைகிறதென்றால் வாட்டர் பம்ப், ஹீட்டர் கோர், ஹோஸ் பைப் இணைப்புகள் என்று வெளிக்கசிவைத் தேட வேண்டும். நின்ற காரின் ரப்பர் ஹோஸ்கள் இறுகிப்போய், சூடேறியதும் கசிவது சாதாரணமாக நடக்கிறது. சோதனையில் கேஸ்கெட் போனது உறுதியானால், அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய வேலை, ஓவர்ஹீட் ஆகி ஹெட் வளைந்தால் எங்கேயோ போய்விடும். ரேடியேட்டரில் ஊற்றிக் கசிவை அடைக்கும் திரவங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கசிவை அடைத்ததைவிட ஹீட்டரையும் ரேடியேட்டரையும் அடைத்ததைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

படி 6: சைலன்சரின் நிலை

தண்ணீர் இன்ஜினைக் கெடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் சைலன்சரைக் கெடுக்கிறது. எரிந்த வாயுவில் உள்ள கரியமில வாயுவும் நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகளும் இந்தத் தண்ணீரில் கரைந்து அதைப் புளிப்பாக்குகின்றன. அந்தப் புளிப்புத் தண்ணீர் இரும்புக்குள் மாதக்கணக்கில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு காருக்கு அடியில் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். டப்பாவின் ஓரத் தையலிலும் அடிப்பக்கத்திலும் வெல்டிங் இணைப்புகளிலும் துரு முதலில் வெளியே தெரியும். ஸ்பேனரின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகடு திடமாக இருக்கிறது. மொத்தையாகக் கேட்டாலோ துருத்தூள் கொட்டினாலோ உள்ளே அரித்துவிட்டது.

சில சைலன்சர்களில் அடியில் ஒரு சிறு துளை இருக்கும், மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு, சுத்தமாக வட்டமாக. அது ஓட்டை அல்ல. தேங்கும் தண்ணீர் வடிவதற்காகத் தயாரிப்பிலேயே வைத்த வடிதுளை. அதை வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள். கரி அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். துளையே இல்லாத சைலன்சரில் நாமாகத் துளை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். துளையின் விளிம்பிலிருந்து துரு பரவும், புகையும் காருக்கு அடியில் கசியும். அரித்துத் தானாக விழுந்த ஓட்டையோ ஒழுங்கற்ற ஓரத்தோடு இருக்கும், சத்தமும் மாறியிருக்கும். அதைத் தள்ளிப்போடாமல் சரிசெய்துவிடுங்கள், அடியில் கசியும் புகை காருக்குள் ஏறும்.

டீசல், ஹைப்ரிட் கார்களுக்கு

டீசலில் காற்று கூடுதலாகப் போவதால் புகையில் நீராவியின் பங்கு குறைவு, சொட்டுவதும் குறைவு. டீசல் காரில் நிறையத் தண்ணீர் வந்தால் சற்றுக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். ஹெட் கேஸ்கெட் போலவே புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் அமைப்பின் கூலர் கசிந்தும் கூலன்ட் புகைக்குழாய்க்குப் போகலாம். குளிரில் வரும் வெள்ளைப் புகை எரியாத டீசலாகவும் இருக்கும், கண் எரிந்தால் அதுதான்.

ஹைப்ரிட் கார்களில் இன்ஜின் விட்டு விட்டு ஓடுவதால் சைலன்சர் சூடேறவே நேரம் பிடிக்கும். தினமும் ஓடும் ஹைப்ரிட்டிலும் தண்ணீர் சொட்டுவது வழக்கம்தான். நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் கொடுத்த பிறகே சோதனை செய்யுங்கள்.

அடுத்த முறை நிறுத்தும்போது

வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடும் பழக்கம் நல்ல எண்ணத்தில் செய்யப்படுவது. ஆனால் நிறுத்தி வைத்த காருக்குச் செய்யும் தீங்குகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஒவ்வொரு ஐந்து நிமிடமும் சைலன்சருக்குள் ஐம்பது மில்லிக்கு மேல்கூடத் தண்ணீரை உண்டாக்கும், அது காய்வதற்குள் இன்ஜின் அணைந்துவிடும். ஆயிலிலும் ஈரமும் பெட்ரோலும் சேரும். செல்ஃப் எடுத்த சக்தியை பேட்டரி ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பப் பெறாது. முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். முடியாதென்றால் தொடவே வேண்டாம், நிம்மதியாகத் தூங்கட்டும்.

நிறுத்துவதற்கு முன்தினம் ஆயிலை மாற்றுங்கள், பழைய ஆயிலின் புளிப்போடு பேரிங்குகளை ஊறவிடாதீர்கள். கூலன்ட் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். டேங்க்கை நிரப்பி, எரிபொருளைக் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசரை அளவோடு ஊற்றுங்கள். நிரம்பிய டேங்க்கில் ஈரக்காற்றுக்கு இடம் குறைவு. பிறகு கடைசியாக அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும் காரை நேராக நிறுத்தும் இடத்தில் கொண்டுபோய் அணையுங்கள். கழுவுவதாக இருந்தால் இந்த ஓட்டத்துக்கு முன்பே கழுவுங்கள். பேட்டரி இறங்காமல் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி வைக்கும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டலாம், அல்லது ஒரு முனையைக் கழற்றி வைக்கலாம். ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

சைலன்சர் முழுக்கக் குளிர்ந்ததும் அதன் வாயைக் கம்பி வலையால் மூடுங்கள். துணியைத் திணிப்பதைவிட வலை நல்லது, எலி நுழையாது, உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறும். மூடிய கையோடு, "சைலன்சரில் வலை இருக்கிறது" என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். எட்டு மாதம் கழித்து சாவியோடு வருவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.